வானக்குடி எழுதிய பார்லர்க்காரம்மா

புருவம் திருத்துகிறவர்கள் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களால் பேச முடியாது. நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறவளுக்கோ வலியை மறக்க எதையாவது பேசியாக வேண்டும். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன பார்லரில் பெண்கள் தங்கள் கதைகளையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டியதற்கு இதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நூல் இல்லாதபோதும் பார்லர்க்காரம்மா அப்படித்தான் என்பது பழகிய பிறகுதான் தெரிந்தது.

தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வார். கையில் இருக்கும் வேலையை மெதுவாக்குவார், ஆனால் நிறுத்த மாட்டார். நாம் ஒரு இடத்தில் தயங்கி நின்றால் "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். "ஐயோ" கிடையாது, "அடப்பாவமே" கிடையாது. நீ இப்படிச் செய்திருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொல்லி முடித்துவிட்டு எழுந்தால் உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். கேட்டதை இன்னொரு காதில் போடவும் மாட்டார். "அந்தம்மாகிட்டச் சொன்னா கெணத்துல கல்லப் போட்ட மாதிரி" என்று என் அம்மாவே சொல்வாள். அவரும் தெருவில் யாரிடமும் நின்று யாரைப் பற்றியும் பேசி நான் பார்த்ததில்லை.

அவர் கணவர் பக்கத்துக் கடையில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம். எங்கள் ஊர் கேபிள் சேனலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம் காலியாகக் கிடந்தது. ஏதாவது எடுத்துக் கொடுங்கள் என்று சேனல்காரர் கேட்க, இவர் சமையல் நிகழ்ச்சி பண்ணலாம் என்றிருக்கிறார். பார்லர்க்காரம்மா, "நான் ஒரு கதை எழுதித் தாரேன்" என்றாராம். குடும்பக் கதையாக இருக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தது விண்வெளிக் கதை.

வானக்குடி என்று பெயர். திண்டுக்கல் பக்கம் கிணறுகள் எல்லாம் வற்றிப்போய், ஒரு கூட்டம் ஜனம் விண்கலம் ஏறி, இரண்டு நிலா இருக்கிற ஒரு கிரகத்தில் போய்க் குடியேறுகிறது. அதுதான் கதை. கன்னிவாடிப் பக்கம் கைவிட்ட கல்குவாரிதான் கிரகம். சிறுமலையில் காலையில் இறங்குகிற மூடுபனிதான் விஷவாயு. கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்கப் போடுகிற வெள்ளி ஷீட்டைத் தைத்து உடுப்பு, பைக் ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தலைக்கவசம். ஜிம் நடத்துகிற பையன் ஒருவன் கேப்டன். ரிட்டயரான பஸ் கண்டக்டர் குடியேற்றத்தின் தலைவர். அவர் கேப்டனைப் பார்த்து, "ஏலே அப்பு, ஆக்ஸிஜன் செத்த நேரந்தான் வரும், பாத்துக்க" என்று சொன்ன முதல் வாரத்தில் ஊரே சிரித்தது. மூன்றாவது வாரத்தில் யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எதற்கு வானத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பூமியில வச்சா இது எந்தத் தெருன்னு கேப்பாங்க" என்றார்.

நான் அதில் சேர்ந்தது என் குரலால். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் மைக்கில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. குழந்தைகள் ஆடை இரண்டாம் தளத்தில் இருக்கிறது. நீலச் சட்டை போட்ட குழந்தை ஒன்று பில் கவுண்டரில் நிற்கிறது, பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும். குழந்தை காணாமல் போனாலும் தள்ளுபடி வந்தாலும் ஒரே மாதிரிதான் சொல்ல வேண்டும். பார்லருக்குத் துண்டு வாங்க வந்தவர் படியில் அப்படியே நின்று கேட்டிருக்கிறார். நேராக என்னிடம் வந்து, "ஒரு மெசினுக்குக் கொரல் குடுக்குறியாம்மா?" என்றார்.

விண்கலத்தை நடத்துகிற கருவிக்கு நான்தான் குரல். பார்லரின் பின்னறையில் துவைத்த துண்டுகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, எதிரொலி இல்லாமல் பதிவு செய்வார்கள். கதை என்னவென்று எனக்குச் சொல்லவே மாட்டார். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "முழுக் கதையும் தெரிஞ்சா கொரல்ல எரக்கம் வந்துரும். மெசினுக்கு அது கூடாது" என்பார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும்போதுதான் நான் யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியும்.

முதல் சீசனில், கிரகத்தில் ஒரு தம்பி தன் அக்காவின் காற்றுக் குழாயைப் பாதியாக அடைத்துவிட்டு, "உனக்கென்னக்கா, தனியா இருக்கிறவ, இம்புட்டுக் காத்து எதுக்கு?" என்று கேட்பான். அடுத்த நாள் பூ மார்க்கெட்டில் கடை போட்டிருக்கிற அம்மா ஒருவர் ஒரு பந்து மல்லிகையோடு பார்லருக்கு வந்தார். கிணற்றடி நிலத்தில் அவருடைய பங்கைத் தம்பி எழுதி வாங்கிக்கொண்ட கதையை அந்த நாற்காலியில் வைத்துச் சொன்னவர். "என் தம்பி டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தானாம் மேடம். சோறு எறங்கலையாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பார்லர்க்காரம்மா பூவை வாங்கி சாமி படத்துக்குச் சாத்தினார். பஞ்சாயத்தும் கோர்ட்டும் செய்யாத வேலையை இந்த மனுஷி செய்கிறார் என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன்.

அதே சீசனில் ஒரு டீச்சர் கதையும் வந்தது. அவர் கணவருக்கு ஒட்டன்சத்திரத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. வானக்குடியில் ஒரு இன்ஜினியர் வாரம் தவறாமல் பழுதுபார்க்கிற சாக்கில் இரண்டாவது நிலாவுக்குப் போய்வருவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த டீச்சருக்கு ரெண்டாம் நிலா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பார்லருக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பழனி ரோட்டில் நானும் பார்லர்க்காரம்மாவும் போகும்போது எதிரே வந்தவர், எங்களைக் கண்டதும் வெயிலில் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார்.

"ஏன் இப்படிப் போறாங்க?" என்று என்னிடம் கேட்டார். "பேரை மாத்திட்டேன். வேலையை மாத்திட்டேன். கெரகத்தையே மாத்திட்டேன்."

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த முகத்தில் நடிப்பு இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். நடித்திருந்தால் ஒரு பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு விலகியிருப்பேன்.

அவருடைய கதை மட்டும் வானக்குடியில் வரவே இல்லை. கேட்டால், "எனக்கென்ன கதை? காலையில கடை தெறக்கிறேன், பொழுதடைஞ்சா பூட்டுறேன்" என்பார். அவரும் அவர் கணவரும் எந்த இடத்தில் வெளிச்சம் வேண்டும், யாருக்கு ஹெல்மெட் சேரவில்லை என்பதைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. அந்த மனிதர் சில நாள் ஸ்டுடியோ வாசலில் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் உள்ள எல்லாரிடமும் "அப்புறம்?" என்று கேட்கிறவர் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

என் அக்கா செல்வியை சித்தையன்கோட்டையில் கொடுத்திருந்தது. மச்சானுக்குத் தேங்காய் வியாபாரம். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அவள் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கெட்டவர் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது. "காய்க்காத மரத்துக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்த" என்பார், தென்னைக்குச் சொல்வது போல. ஒரு வளைகாப்பில் அக்கா தட்டை எடுக்கப் போனபோது இன்னொருத்தி வந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அக்கா போகாத கோயில் இல்லை. எங்கள் அம்மா தன் வயிற்றுக் கோளாறுதான் மகளுக்கு வந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு விரதம் இருப்பாள். குறை அக்காவிடம்தான் என்று எல்லாரையும் போல நானும் நம்பியிருந்தேன். அவளே அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். நான் கடையில் வேலை முடிந்து வரும்வரை பார்லரில் உட்கார்ந்திருக்கச் சொன்னேன். நான் வந்தபோது பார்லர்க்காரம்மா அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் அழுது ஓய்ந்த முகமாக இருந்தது. எதுவும் கேட்டால் கலைந்துவிடும் போலிருந்ததால் நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது, "நல்ல மனுசிடி அவங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது சீசன் முடிகிற நேரம். கடைசிக்கு முந்தின பகுதிக்குப் பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தார். துண்டுகளுக்கு நடுவே நின்று அவர் சொன்ன வரியைத் திருப்பிச் சொன்னேன். "சோதனை முடிந்தது. உங்கள் உடலில் எந்தக் குறையும் இல்லை. இந்த முடிவை வேறு யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்ற உங்கள் வேண்டுகோள் ஏற்றுக்கொள்ளப்பட்டது." மூன்றாம் தளத்தில் பட்டுச்சேலை என்று சொல்கிற அதே குரல்.

"யாருக்கு மேடம் இது?" என்று கேட்டேன்.

"ஒரு விண்கலத்துக்காரிக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சித்தையன்கோட்டையில் இருந்தேன். அக்கா வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து வானக்குடி பார்ப்பது வழக்கம். என் குரல் வந்தால் அத்தை, "நம்ம புள்ள பேசுது" என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்வார். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். மச்சான் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

கிரகத்தில் ஒரு பெண். குழந்தை இல்லாதவர்களுக்குத் தண்ணீர்ப் பங்கு குறைவு என்று தலைவர் சொல்லிவிட்டார். ஜனம் அவளை ஒதுக்குகிறது. அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு பழைய காட்சி வருகிறது. சோதனை முடிந்து அவளும் அவள் கணவனும் விண்கலம் நிற்கிற இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் அவளுக்குக் குடிக்க ஏதோ வாங்கித் தருகிறான். வாங்கித் தந்துவிட்டு, "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம் புள்ள" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். அதற்குப் பிறகு கருவி முன்னால் அவள் தனியாகப் போய் நிற்கிறாள். உங்கள் உடலில் எந்தக் குறையும் இல்லை என்கிறது என் குரல்.

கீரை உருவுகிற சத்தம் நின்றுபோனது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். குறை யாரிடம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவர் சொன்ன வார்த்தை அது என்று அக்கா பிறகு சொன்னாள். அதைக் கேட்டவள் அக்கா ஒருத்திதான்.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, மகன் போன வாசலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அடுப்படியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? நீ என்கிட்ட எதுவுமே சொல்லலையே."

"நீதான சொன்ன டிவியில."

நான் என்ன விளக்கம் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. ஏறிய பிறகும் பெரிய வித்தியாசம் இல்லை.

சண்டை நடந்திருந்தால் யாராவது வந்து விலக்கியிருப்பார்கள். சண்டையே இல்லை. சாயங்காலம் மச்சான் வந்து, "அக்காளும் தங்கச்சியும் சேந்து நல்லாப் பண்ணீங்க" என்று மட்டும் சொன்னார். அத்தை அழுதார். மருமகளை இத்தனை வருஷம் பேசிவிட்டோமே என்று அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். "வீட்டு விசயத்தக் கொண்டுபோயி ஊரு பாக்க வச்சுட்டாளே" என்று அழுதுகொண்டிருந்தார். எங்கள் அப்பா பேசப் போனபோது, மகனிடம் குறை என்பதையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "டிவியில சொன்னா நெசமாயிருமா?" என்றார். அப்பா அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இரு என்று அக்காவை அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. முறைப்படி தீர்த்துவிட்டு மச்சான் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கும் குழந்தை இல்லை. அவளையும் இப்போது கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சித்தையன்கோட்டையில் வானக்குடி பார்க்காத வீடு கிடையாது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா திரும்பி வந்த வாரமே நான் பார்லருக்குப் போனேன். கடையில் ஆள் இல்லை. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. வாசலை மறித்து நின்றுகொண்டேன்.

"எங்கக்கா ஊருக்குப் பயந்து ஒளிச்சு வைக்கல மேடம். புருசன் தலை குனியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சா. வசவு பூராத்தையும் தான் வாங்கிக்கிட்டா. அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்து டிவியில போட்டுட்டீங்க. அதுவும் என் வாயால."

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். கையில் இருந்த துண்டை மெதுவாக மடித்தார். நான் மூச்சு வாங்க நின்றபோது, அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "அப்புறம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அக்கறையோடுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த வாரம் யாரும் யாரையும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அம்மா விரதத்தை விட்டுவிட்டுப் படுத்துக் கிடந்ததை, அப்பா டிவி ஒயரைப் பிடுங்கிப் போட்டதை, அக்கா சித்தையன்கோட்டை வீட்டு நினைப்பில் மூன்று பேருக்கு மட்டும் உலை வைத்துவிட்டு விழித்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணில் நீர் நின்றது. கடைசியில் சொன்னார்: "அந்தக் கஷ்டத்தை யாராச்சும் வாய்விட்டுச் சொல்லணும்னு தோணுச்சும்மா. அம்புட்டுத்தான். எத்தனை பொம்பளைங்க வந்து அழுதாங்க தெரியுமா, எங்க வீட்டுக் கதையின்னு."

அது உண்மைதான். அந்தப் பகுதிக்குப் பிறகு பார்லரில் உட்கார இடம் இல்லாமல் பெண்கள் வந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் குரல் கொடுப்பதை விட்டுவிட்டேன். மூன்றாவது சீசன் ஆரம்பித்தபோது வேறொரு பெண் கருவிக்குப் பேசினாள். நான் பார்க்கவில்லை. ஒருநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில், சுடிதார் பிரிவில் வேலை செய்கிற பெண் செல்போனை நீட்டினாள். "இதப் பாரேன், அழுகையா வருது. யாருடி எழுதுறது, நம்ம வீட்டுக்குள்ள இருந்து பாத்த மாதிரியே இருக்கு."

வெள்ளி உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண், விண்கலத்தின் கதவை மறித்து நிற்கிறாள். "எங்கக்காவுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்கிறாள். உலை வைத்ததும் வந்தது, படுத்துக் கிடந்த அம்மாவும் வந்தாள். எல்லாம் என் வார்த்தைகள். என்னைவிட அந்தப் பெண் நன்றாகச் சொன்னாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. முடிவில் நான் சொல்லாத ஒரு வரியும் இருந்தது: "ஒருத்தர்கிட்டயாவது சொல்ல முடிஞ்சதாலதான் அவ உசுரோட இருந்தா. இனிமே அவ யாருகிட்டப் போவா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. தெரிந்தும் செய்திருக்கிறார், அல்லது செய்த பிறகு தெரிந்துகொண்டு அதையும் எழுதியிருக்கிறார். எது என்று இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அக்காவிடம் சொன்னால் கோபப்படுவாள், இருவரும் சேர்ந்து அந்தம்மாவைத் திட்டலாம் என்று எண்ணி வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். புருவம் அழகாகத் திருத்தியிருந்தது.

"பார்லருக்கா போயிட்டு வார?"

"ம்."

"அந்தம்மாகிட்டயா?"

"வேற யாருகிட்டப் போக?" என்றாள். "அம்மாகிட்டச் சொன்னா அழுவா. உன்கிட்டச் சொன்னா சண்டைக்குப் போவ. அவங்கதான் கேக்குறாங்க."

"நீ சொல்றதெல்லாம் மறுபடி டிவியில வரும்க்கா."

"வரட்டும். இனிமே என்னைய எந்த வீட்டுல இருந்து அனுப்பப் போறாங்க?"

வாரத்துக்கு ஒருதரம் அவள் போய்வந்தாள். போய்வந்த நாளில் மட்டும் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள்.

வானக்குடியை யாரோ பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய சேனலில் எழுதக் கூப்பிட்டார்களாம். பார்லர்க்காரம்மா ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அவர் கணவர் ஸ்டுடியோவை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார். விசாரித்தால், "எனக்கும் சொல்லலம்மா" என்று சிரிக்கிறார். வெறும் சிரிப்பு.

விஷயம் தெரியாமல் அக்கா அந்த வாரம் பார்லருக்குப் போயிருக்கிறாள். வேலை முடிந்து அந்த வழியாக வந்தபோது பார்த்தேன். ஷட்டர் இறக்கியிருந்தது, பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு கட்டைப்பையோடு வந்து இறங்கிய அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் அக்கா, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, அந்தப் பூட்டின கடை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.